ஓஹைமும் மிக்கேல் மாமாவும்

அம்மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். பந்தலுக்குள் கிடந்த வாடகை நாற்காலிகள் வெயிலில் சூடேறிப்போயிருந்தன. உட்காருகிறவர்கள் எல்லோரும் சடக்கென்று எழுந்து, துண்டை விரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் சின்ன அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஃபாதர் வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று தாண்டிவிட்டது. கோயில் உபதேசியார் வந்து என் தம்பி அருளிடம் மெதுவாக, சவப்பெட்டிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். அத்தைக்குக் காது கூர்மை.

"பெறந்த வீட்டுக் கோடி விழாம பொட்டிய மூட விட மாட்டேன். யாரு வேணாலும் என்ன வேணாலும் பேசிக்கங்க" என்றாள்.

கோடி என்றால் புதுத்துணி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துபோனால், அவளுக்கு எத்தனை வயதானாலும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், கடைசியாக அவள்மேல் விழுகிற சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துவான். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். வேதத்தில் இது எங்கேயும் இல்லை. கோயிலில் யாரும் போதிப்பதும் இல்லை. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, இந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர். மிக்கேல் மாமா. அம்மாவுக்கு இளையவர். சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தார், இப்போது வீட்டோடு இருக்கிறார். வண்டியை எடுத்தால் திண்டுக்கல்லில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தோம்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் ஜெர்மனிக் குளிர், ஜெர்மனி ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடுதிப்பென்று சாவு வீட்டில் கொண்டுவந்து உட்கார வைக்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். இதுவும் ஜெர்மனிக் கதைதான். கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பிரியாணிக் கடைக்கு மேல் மாடி

இருபது வருஷத்துக்கு மேல் ஜெர்மனியில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். சும்மா இருக்க முடியாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து, அங்கே வேலைக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே பிரியாணிக் கடை. பதினோரு மணிக்குத் தம் உடைக்கிற வாசனை மேலே வந்துவிட்டால், அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு பிள்ளைக்கும் பாடம் ஏறாது.

அம்மா இறப்பதற்குச் சில மாதம் முன்னால் 'என் குடும்பம்' என்ற பாடம் நடத்தினேன். பலகையில் ஒரு மரம் வரைந்தேன். அப்பாவின் அண்ணன் தம்பி என்றால் ஓங்கல். அம்மாவின் அண்ணன் தம்பி என்றாலும் ஓங்கல். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாவற்றுக்கும் சேர்த்து டான்டெ. முடிந்தது பாடம்.

பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம். நஸ்ரின் என்று ஒருத்தி, தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண், வீட்டில் உருது பேசுவார்கள். அவள் எழுந்து, எங்கள் வீட்டில் மாமாவுக்கு மாமூ, சித்தப்பாவுக்குச் சாச்சா, சித்திக்குக் காலா, அத்தைக்குப் பூப்பி என்று நாலுக்கும் நாலு பெயர் இருக்கிறது மிஸ், இவ்வளவு பெரிய கார் எல்லாம் செய்கிறார்கள், இரண்டே பெயரை வைத்துக்கொண்டா குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜெர்மானியர்களை நான் ஆயிரம் திட்டுவேன், அடுத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காது.

பலகையைத் துடைத்துவிட்டு, பரீட்சைக்கு வராத பாடத்தை ஆரம்பித்தேன். பரீட்சைக்கு வராததைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு தனி சந்தோஷம்.

பிதாவும் ஃபாட்டரும்

முதலில் அப்பாவிலிருந்து தொடங்கினேன். ஜெர்மனில் ஃபாட்டர், ஆங்கிலத்தில் ஃபாதர். பழைய காலத்தில் இந்தச் சொல்லின் முதல் ஒலி 'ப'. லத்தீனில் அது பாட்டர் என்றே நின்றுவிட்டது. ஜெர்மானியக் கூட்டத்து வாயில் மட்டும் அந்த 'ப' காற்றாகி 'ஃப' ஆனது. வடமொழிக்குப் போன கிளையில் பிதா ஆனது. நாங்கள் சிலுவை போடும்போது தினமும் சொல்கிற அதே பிதா. அதே ஜெபத்தில் வருகிற சுதனுக்கும் ஜெர்மானிய ஸோனுக்கும்கூட ஒரு வேர்தான், பெற்றெடுப்பது என்று பொருள். இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த இரண்டு வேதக்காரப் பிள்ளைகள் தங்களையறியாமல் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள்.

அம்மாவும் அப்படியே. முட்டர், மதர், மாதா. ப்ரூடர், ப்ரதர், வடமொழியில் ப்ராதா. இவையெல்லாம் ஒரே வீட்டிலிருந்து பிரிந்துபோன சொற்கள். எந்த வீடு, எந்த ஊர் என்று இன்னும் சண்டை நடக்கிறது. நம்முடைய அப்பாவும் அம்மாவும் மாமாவும் வேறு வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் கூட்டத்தோடு சம்பந்தம் இல்லை.

எனக்குப் பிடித்தது பேரன் கதை. ஜெர்மனில் பேரனுக்கு எங்கல் என்று பெயர். அந்தச் சொல்லைப் பிரித்தால் 'குட்டித் தாத்தா' என்று வருகிறது. செத்துப்போன தாத்தா திரும்பிப் பிறந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். நாம் தாத்தாவின் பெயரை வைத்துப் பேரன் என்கிறோம். எங்கேயோ பனியில் கிடந்தவனுக்கும் இங்கே வெயிலில் கிடந்தவனுக்கும் குழந்தையைத் தூக்கியதும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது.

ஞானத்தாய்க்குக்கூட ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் இருந்தது. 'காட்-ஸிப்' என்று வைத்துக்கொள்ளுங்கள், கடவுள் வழியாக வந்த சொந்தம் என்று பொருள். பிள்ளை பிறந்த வீட்டில் இந்த ஞானச் சொந்தங்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். பேசினார்கள், பேசினார்கள், கடைசியில் அந்தச் சொல்லே தேய்ந்து 'காஸிப்', அதாவது ஊர்வம்பு என்று ஆகிவிட்டது. கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பங்கில் ஞானஸ்நானம் முடிந்து நடக்கிற விருந்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தாத்தா வீட்டில் இருப்பவன்

அப்புறம் அந்த நாலு பேரிடம் வந்தேன். ஜெர்மனிலும் ஒரு காலத்தில் நாலுக்கும் நாலு பெயர் இருந்தது. அப்பாவின் சகோதரன் ஃபெட்டர். அப்பாவின் சகோதரி பாஸெ. அம்மாவின் சகோதரி மூமெ. அம்மாவின் சகோதரன், அதாவது நம்முடைய தாய்மாமன், ஓஹைம்.

ஓஹைம் என்ற சொல் எப்படி வந்தது என்று படித்தவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஒரு சாரார் சொல்வதை நான் நம்புகிறேன், அது அழகாக இருக்கிறது என்பதற்காகவே. முதல் பாதி தாய்வழித் தாத்தாவைக் குறிக்கும் பழைய சொல். பின்பாதி வீடு. தாத்தா வீட்டில் இருப்பவன். ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விடுகிறாள், அவள் பிறந்த வீட்டில் இருந்து அவளுக்காக விளக்கை எரியவிட்டுக்கொண்டிருப்பவன். அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் அக்கா மகனைத் தங்கள் மகனைவிட ஒரு படி மேலாகப் பார்த்தார்களாம்.

பிறகு என்ன ஆயிற்று? பிரான்ஸ் தேசத்து நாகரிகம் வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் ஓங்கல், டான்டெ என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்துக் கடைக்காரர்கள், அவர்களைப் பார்த்துக் குடியானவர்கள். ஃபெட்டரும் பாஸெயும் இடம் இல்லாமல் ஒரு தலைமுறை கீழே இறங்கி, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெயராகிப்போனார்கள். மூமெயைப் பழைய கதைகளில்தான் பார்க்கலாம். ஓஹைம் போயே போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸிலிருந்து வந்த அந்த ஓங்கலும் லத்தீனில் பிறந்தபோது தாய்மாமன்தான். வழியில் எல்லோருக்கும் பொதுவாகி, யாருக்கும் சொந்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

ஸ்வீடன்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு ஸ்வீடன்காரி, தாய்மாமனை இன்றைக்கும் மூர்ப்ரூர் என்பாள். அம்மா தம்பி என்று அப்படியே ஒட்டவைத்த சொல். அப்பா தம்பி ஃபார்ப்ரூர். யாரிடமும் கடன் வாங்காமல் சமாளித்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஹெட்விக் என்று ஒரு கிழவி இருந்தாள். தொண்ணூறைத் தாண்டியவள், குடியானவர் வீட்டில் பிறந்தவள். நினைவு தப்பிப்போன பிறகு பெற்ற மகளை அடையாளம் தெரியாது. ஆனால் மத்தியானம் ஆனால் ஜன்னலைப் பார்த்து 'ஓம் வந்தாச்சா' என்று கேட்பாள். ஓம் என்றால் ஓஹைம், அவர்கள் ஊர்ப் பேச்சில் தேய்ந்துபோனது. இளம் நர்ஸுகளுக்கு அவள் யாரைக் கேட்கிறாள் என்றே புரியாது. நான் மட்டும், வந்துகொண்டிருக்கிறார் பாட்டி, வண்டி தாமதம் என்பேன். நம்பிவிடுவாள்.

வாசலில் சொன்ன சொல்

மிக்கேல் மாமாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் முடியாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அந்த மகனும் நல்ல இடத்தில் கட்டி, பிள்ளை குட்டியோடு சௌக்கியமாக இருக்கிறான்.

வருத்தம் வேறு. நான் போன பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு மூக்குமேல் கோபம். இனி இந்தப் படி ஏறாதே என்று தெரு பார்க்கச் சொல்லிவிட்டார். அம்மா நடுவில் நின்று அழுதிருக்கிறாள். அதோடு சரி. நல்லது கெட்டது தவிர மாமா வரவில்லை. அம்மாவும் போகவில்லை.

நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்தார். அப்பா இறந்தபோது அருளும் இன்னொருவனும் பைக்கில் சித்தையன்கோட்டைக்குப் போனார்கள். கேதம், அதாவது சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்கள் வீட்டுக்குள் உட்காரக் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படியே சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த சூட்டோடு மாமா பின்னாலேயே வந்துவிட்டார். தாலியிழந்த அக்காவுக்குக் கோடிச் சேலையைப் போர்த்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கம் முடிந்ததும் போய்விட்டார். ஆனால் வந்தார்.

குரூப்பில் போட்ட சாவு

அம்மா விடியற்காலையில் போனாள். அருள் அழுதுகொண்டே போனை எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் அம்மா படத்தோடு செய்தி போட்டான். நிமிஷத்தில் கை கூப்பிய படங்களாக வந்து விழுந்தன. அவனுடைய போனில் மாமா 'மிக்கேல் அங்கிள்' என்றுதான் இருக்கிறார். ஆபீஸ் அங்கிள், எல்.ஐ.சி. அங்கிள், அபார்ட்மெண்ட் அங்கிள், இவர்களுக்கு நடுவில் ஓர் அங்கிள்.

நான் அம்மாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டே, மாமாவுக்கு ஆள் அனுப்பினாயா என்று கேட்டேன்.

"போன் பண்ணியாச்சுக்கா. மருமகதான் எடுத்துச்சு, சொல்லச் சொல்லிட்டேன். இந்தக் காலத்துல யாருக்கா ஆள் விட்டுக்கிட்டு இருக்கா?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பந்தல்காரன் வந்து நிற்கிறான், சாவுச் சான்றிதழுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், கோயிலில் மணி அடிக்கச் சொல்ல வேண்டும். அத்தனை அலைச்சலில் யாரும் அதை மறுபடி யோசிக்கவில்லை. தெருவில் சும்மா நின்ற பையன்கள் பத்துப் பேர். பத்துப் பேரிடமும் பைக் இருந்தது.

மத்தியானம் அருள் மறுபடி போன் செய்தான். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு ரெடியாக இருக்கிறார் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். நிம்மதியானோம். மூன்று மணிக்கு மேல் அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. வண்டியில் வந்துகொண்டிருப்பார் என்று நினைத்தோம்.

ஃபாதர் வந்துவிட்டார். அவருக்கு அடுத்து கொடைரோட்டில் ஒரு புது வீட்டு மந்திரிப்பு இருந்தது. செத்த நேரம் பார்ப்போம் என்று அத்தை கெஞ்சினாள். அவரும் பெரிய மனது பண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போதெல்லாம் எல்லாத் தலையும் திரும்பியது.

கடைசியில் அம்மாவின் சித்தப்பா மகன் ஜோசப் மாமாவைக் கூப்பிட்டார்கள். முறைக்கு அவரும் மாமாதான். பெரியகடை வீதிக்கு ஆளை ஓட்டி ஒரு சேலை வாங்கி வந்தோம். மடிப்புக்கூடக் கலையவில்லை, மூலையில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஜோசப் மாமா போர்த்தினார். யாருடைய இடத்திலோ நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அத்தை தலையைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியை மூடினார்கள்.

அன்று ராத்திரி மாமாவைத் திட்டாத வாய் இல்லை. பொணத்துக்கிட்டயும் ரோசமா என்றார்கள். நான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினேன்.

சித்தையன்கோட்டை

அடுத்த வாரம் செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். சண்டை போடத்தான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டேன்.

மாமா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வா சகாயம் என்றார். மருமகள் காபி கொடுத்தாள். பஸ்ஸில் கூட்டமா, அருள் நல்லாருக்கானா என்று கேட்டார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

உங்க ரோசம் பெருசா உங்க அக்கா பெருசா என்று ஆரம்பித்தவள்தான், மூச்சு விடாமல் கேட்டுத் தீர்த்தேன். அப்பா சொன்னது தப்புதான், அவர் போய்ச் சேர்ந்தாச்சு, அந்தக் கோபத்தை அம்மா மேல் காட்டுவீர்களா, தெருவையே பார்த்துக்கொண்டு கிடந்தோம், ஃபாதர் காத்துக்கொண்டிருந்தார், கடைசியில் யாரோ வந்து போர்த்த வேண்டியதாகிவிட்டது என்றேன்.  மருமகள்தான் தாங்க மாட்டாமல் பேசினாள்.

போன் வந்ததும் மாமா செம்பட்டிக்குப் போய், திறக்காத கடையைத் திறக்கச் சொல்லி, கடைக்காரரை எழுப்பிச் சேலை எடுத்து வந்தாராம். வாடகைக் காரைச் சொல்லி வாசலில் நிறுத்தினாராம். குளித்துச் சட்டை போட்டு, சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதே நாற்காலியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம். சாப்பிடவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாராம். போவோம் மாமா என்று அவள் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறாள். ஆள் வரட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார், அடித்த போனையும் எடுக்க விடவில்லையாம். இருட்டின பிறகு கார்க்காரனை அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

 மாமா அப்போதுதான் பேசினார்.

"போனு எல்லாத்துக்கும் வரும் தாயி. கூடப்பொறந்தவனுக்கு ஆளு வரணும்."

ஒரு ஆள் வரவில்லை என்பதற்காகவா மாமா என்றேன். என் குரலில் பழைய வேகம் இல்லை.

"ரோசம் இல்லத்தா. ஒங்கப்பன் செத்ததுக்கு ஆளு விட்டீக, ஓடியாந்தேன். இதுக்கு விடல. படியேறாதன்னு சொன்ன வீடு. ஒருவேள அக்காவே சொல்லிப்புட்டுப் போயிட்டாளோ, மிக்கேலக் கூப்பிடாதீகன்னு. அப்படிச் சொல்லியிருந்தா நான் எப்படித்தா வந்து துணி போடுவேன்?"

அடப்பாவிகளா என்று மனசுக்குள் எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். நாங்கள் அவரை ரோசக்காரர் என்று ஏசிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அக்கா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளோ என்று, எழுபது வயதுக்கு மேல், மடியில் சேலையோடு.

அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உங்களைக் கேட்டாள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சே இல்லை. ஒரு பொய் சொல்லலாமா என்று தோன்றியது. ஹெட்விக் பாட்டியிடம் எத்தனை நாள் கூசாமல் சொல்லியிருக்கிறேன். மாமா முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழவில்லை. அக்கா எப்படிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியும், கண்டுபிடித்துவிடுவார்.

சொல் செத்ததால் ஓஹைம் செத்தாரா, ஓஹைமுக்கு வேலை இல்லாமல் போனதால் சொல் செத்ததா என்று அந்த வகுப்பின் முடிவில் பிள்ளைகளிடம் கேட்டு, பலகையில் எழுதிக்கூடப் போட்டேன். பெரிய கேள்வி கேட்டுவிட்டதாக எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை. இங்கே முக்கால் மணி நேர தூரத்தில் மாமா இருந்தார், அவருடைய வேலையும் இருந்தது, மாமா என்ற சொல்லும் இருந்தது. போய் வாசலில் நின்று கூப்பிட ஓர் ஆள்தான் இல்லை. எத்தனை மெனக்கெட்டுப் படித்தும் இதை நான் பார்க்கவில்லை. 

கையில் காபி இருந்தது. பாதி குடித்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று நினைத்து மருமகள் பதறிப் பின்னால் வந்தாள். தெருவில் இறங்கித் திரும்பி, வாசலுக்கு நேராக நின்றேன். உள்ளே போகவில்லை.

"மாமா, ஒங்க அக்கா தவறிட்டாங்க. நீங்க வரணும்."

மாமா என்னைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எப்பத்தா?" என்றார்.

விடியக்காலம் மாமா என்றேன். அவ்வளவுதான், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். உடம்பு குலுங்கியது. அத்தனை நாளும் அந்த வீட்டில் யாரும் அவர் அழுது பார்க்கவில்லையாம். மருமகள் உள்ளே ஓடி, பீரோவைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்தாள். அதே கார்க்காரனுக்குப் போன் செய்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது வெயில் இறங்கியிருந்தது. மண் இன்னும் மேடாக இருந்தது, மாலைகள் காய்ந்து கறுத்திருந்தன. மாமா சேலையைப் பிரித்தார். அரக்குக் கலர், மஞ்சள் கரை. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை மண்மேல் போர்த்தினோம். காற்றில் பறந்தது. மாமா நாலு மூலைக்கும் கல் தேடிக் கொண்டுவந்து வைத்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமாட்டுப் பக்கம் சேலையை நீவி நீவிச் சரிசெய்தார்.

"நேரமாயிருச்சுக்கா. ஆளு இப்பத்தான் வந்துச்சு" என்றார்.